ஊர் பேர் தெரியாத தோட்டா, தனியாகச் செய்த ரைஃபிள்: சுடுவதற்கு முன் எழும் கேள்விகள்

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பக்கத்து பெஞ்சில் ஒருவர் நீளமான பெட்டியைத் திறக்கிறார். உள்ளே எந்தக் கடையிலும் பார்த்திராத ஒரு ரைஃபிள். என்ன கேலிபர், அதாவது எந்த ரகத் தோட்டா, என்று கேட்டால், எந்தத் தோட்டாப் பெட்டியிலும் அச்சாகாத ஒரு பெயரைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். "ரெண்டு சுட்டுப் பாக்குறீங்களா?" என்றும் கேட்டுவிடுகிறார். அந்த நேரத்தில் வாய் தானாகவே "சரி" என்று சொல்லிவிடும். என் வாயும் பலமுறை சொல்லியிருக்கிறது. அந்தச் "சரி"க்கு முன்னும் பின்னும் நான் பிறரிடம் கேட்டவை, பிறர் என்னிடம் கேட்டவை இங்கே.

வைல்ட்கேட் தோட்டா என்றால் என்ன?

அளவும் அழுத்தமும் எந்த அமைப்பிலும் பதிவாகாத தோட்டா. அமெரிக்காவில் 1926 முதல் சாமி என்ற அமைப்பும், ஐரோப்பாவில் சிஐபி என்ற அமைப்பும் தோட்டாக்களுக்கு வரைபடம் வைத்திருக்கின்றன. கேஸ் (பவுடரையும் குண்டையும் தாங்கும் பித்தளைக் கூடு) எவ்வளவு நீளம், தோள் (கேஸ் கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவு) என்ன கோணம், சேம்பர் (பேரலின், அதாவது குழலின், பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) எவ்வளவு அகலம், அழுத்தம் எதுவரை போகலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வைல்ட்கேட்டுக்கு அப்படி ஒரு காகிதம் கிடையாது. யாரோ ஒருவர் இருக்கிற கேஸை எடுத்துக் கழுத்தைக் குறுக்கியோ விரித்தோ, தோளைத் தள்ளியோ, நீளத்தை வெட்டியோ புதிதாக ஒன்றைச் செய்கிறார். அதற்கென்று ரீமர் என்ற குடையும் கருவி ஒன்று செய்து, துப்பாக்கி செய்யும் கன்ஸ்மித் அதை வைத்துப் பேரலில் சேம்பர் குடைகிறார்.

அபூர்வமாக இருப்பதெல்லாம் வைல்ட்கேட் ஆகிவிடாது. ஒரு காலத்தில் கம்பெனியே விற்று, பிறகு கைவிட்ட தோட்டாக்களும் உண்டு. அவற்றுக்கு வரைபடம் இருக்கும், தோட்டாதான் கிடைக்காது.

கடையில் இத்தனை தோட்டா இருக்கும்போது எதற்கு இந்த வேலை?

பாதி தேவை, பாதி ஆசை. ஆனால் இன்று கடையில் இருக்கும் பல தோட்டாக்கள் இப்படி யாரோ ஆசைப்பட்டுச் செய்தவைதான். .250 சாவேஜ் கேஸின் கழுத்தை .22 அங்குல அளவுக்குக் குறுக்கியதுதான் .22-250. பல பத்தாண்டுகள் வைல்ட்கேட்டாகவே திரிந்த அதை 1965இல் ரெமிங்டன் கம்பெனி தத்தெடுத்தது. .30-06 கேஸை .25க்குக் குறுக்கிய .25-06க்கு 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே .30-06 கேஸை எதிர்த் திசையில் விரித்தால் .35 வீலன். 1922இல் பிறந்தது, கம்பெனித் தோட்டாவானது 1988இல். 1975இல் லூ பால்மிசானோவும் ஃபெரிஸ் பிண்டெலும் செய்த 6 மி.மீ. பிபிசி இதிலெல்லாம் தனி ரகம். குட்டையான, தடித்த சின்னக் கேஸ். ரைஃபிளைப் பெஞ்சில் தாங்கவைத்துத் துல்லியத்துக்காகச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் மற்றவற்றை ஓரங்கட்டிவிட்டது.

ஆசை மட்டுமே காரணமான கதையும் உண்டு. பி.ஓ. ஆக்லி என்ற பெயர்பெற்ற கன்ஸ்மித், ஒரு பத்திரிகைக்காரர் விநாடிக்கு 5,000 அடி வேகத்தைத் தாண்ட வேண்டும் என்று கேட்டதற்காக, யானை வேட்டைக்கு ஏற்ற .378 வெதர்பி மேக்னம் கேஸின் வாயை .22க்குக் குறுக்கினார். பானை நிறையப் பவுடர், வாயில் ஒரு கடுகு. அதற்கு அவர் வைத்த பெயர் .22 இயர்ஜெஸ்ப்ளிட்டன் லௌடன்பூமர். காதைக் கிழிக்கும் வெடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு செய்தும் ஏறக்குறைய 4,600 அடியோடு நின்றுவிட்டது. ஓர் அளவுக்கு மேல் பவுடரைக் கொட்டினாலும் சின்னத் துளை வழியாக வேகம் ஏறாது. பேரல்தான் உள்ளே அரிபடும்.

பெயரைப் பார்த்தே என்ன தோட்டா என்று தெரிந்துகொள்ளலாமா?

கூடாது. பெயர்களில் ஒழுங்கே இல்லை. .30-06இல் 06 என்பது 1906ஆம் ஆண்டு. .22-250இல் 250 என்பது தாய்க் கேஸின் பெயர். .303 பிரிட்டிஷ் தோட்டாவின் குண்டு .303 அங்குலம் இல்லை, .311ஐ ஒட்டி வரும். .280 ரெமிங்டனின் குண்டு .284. கம்பெனிக்காரர்களே இதில் குழம்பியிருக்கிறார்கள். 1957இல் வந்த .280க்கு 1979இல் 7 மி.மீ. எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றினார்கள். ஜனங்கள் அதை 7 மி.மீ. மேக்னத்தோடு போட்டுக் குழப்பியதால் இரண்டே ஆண்டில் பழைய பெயருக்கே திரும்பினார்கள்.

கம்பெனித் தோட்டாவுக்கே இந்தக் கதி என்றால், ஒருவர் தன் பெயரையோ நாயின் பெயரையோ சூட்டிய வைல்ட்கேட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தோட்டாவின் அடியில் எழுதியிருக்குமே, அது போதாதா?

இதில்தான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். கேஸின் அடியில் உள்ள முத்திரை, அந்தப் பித்தளை எந்தத் தோட்டாவுக்காக ஆலையில் செய்யப்பட்டதோ அதைத்தான் சொல்லும். இப்போது அது என்னவாக மாறியிருக்கிறது என்பதைச் சொல்லாது. .30-06 கேஸிலிருந்து செய்த வைல்ட்கேட் எதுவானாலும் அடியில் .30-06 என்றே இருக்கும்.

ஒருமுறை நண்பர் ஒருவர் என் உள்ளங்கையில் மூன்று தோட்டாக்களை வைத்தார். மூன்றின் அடியிலும் ஒரே எழுத்து. நிமிர்த்திப் பார்த்தால் ஒன்றின் கழுத்து மெலிந்து தோள் செங்குத்தாக இருந்தது. இன்னொன்று பார்வைக்கு அசல் .30-06தான், ஆனால் தோள் நகத்தின் தடிமன் அளவுக்குப் பின்னால் இருந்தது. கண்ணால் பிடிக்கவே முடியவில்லை. காலிப்பர் என்ற அளவுக் கருவி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒரே விதி: பெட்டியில் தோட்டாவின் பெயர், எந்த ரைஃபிளுக்கு, யார் நிரப்பியது, எந்தத் தேதி என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாத பெட்டி எவ்வளவு நெருங்கியவருடையதாக இருந்தாலும் என் ரைஃபிளுக்குள் போகாது. அவருடைய ரைஃபிளில் நானும் அதைச் சுட மாட்டேன்.

அப்படியென்றால் பேரல் மேல் உள்ள எழுத்தை நம்பலாமா?

கொஞ்சம் நம்பலாம். நல்ல கன்ஸ்மித் புதுச் சேம்பரின் பெயரைப் பேரலில் தெளிவாகப் பொறிப்பார். ஆனால் பழைய ராணுவ மௌசர் ரைஃபிளின் ஆக்ஷனில் (பேரல் பொருந்தும் இயங்கு பகுதியில்) இரண்டு மூன்று முறை பேரல் மாற்றியவை உலவுகின்றன. கம்பெனிப் பேரலையே மறுபடி குடைந்து "இம்ப்ரூவ்ட்" (சற்றுப் பெரிதாக்கிய சேம்பர், கீழே வருகிறது) ஆக்கிவிட்டு, பழைய எழுத்தை அப்படியே விட்டவையும் உண்டு. ரைஃபிள் கை மாறி மாறி வந்தது, முதல் உரிமையாளர் யாரென்றே தெரியவில்லை என்றால், சேம்பரை அச்செடுத்துப் பார்க்காமல் சுட வேண்டாம்.

சேம்பரை அச்செடுப்பது எப்படி?

செரோசேஃப் என்ற உலோகக் கலவை இதற்காகவே விற்கிறது. கொதிக்கும் தண்ணீருக்கும் குறைவான சூட்டில் உருகிவிடும். பேரலுக்குள் சேம்பருக்குச் சற்று முன்னால் துணியடைத்து, உருக்கி ஊற்றி, இறுகியதும் தட்டி வெளியே எடுக்க வேண்டும். வெள்ளி மாதிரி மினுங்கும் ஒரு பொம்மைத் தோட்டா கையில் வந்து விழும். முதலில் கொஞ்சம் சுருங்கும், அதனால்தான் எளிதாக வெளியே வருகிறது. பிறகு மெல்ல விரிந்து, ஒரு மணி நேரம் ஆகும்போது சேம்பரின் உண்மையான அளவுக்கு வரும். அப்போதுதான் அளக்க வேண்டும். அவசரப்பட்டு அளந்தால் அளவு தப்பும்.

ஹெட்ஸ்பேஸ், ஹெட்ஸ்பேஸ் என்கிறார்களே?

போல்ட்டின் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் உருளையின்) முகத்துக்கும், சேம்பருக்குள் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம். அடியில் விளிம்பில்லாத தோட்டா தோளில் முட்டும். விளிம்புள்ளது விளிம்பில் நிற்கும். இடம் குறைந்தால் போல்ட் மூடாது, அவ்வளவுதான். அதிகமானால் வெடிக்கும்போது கேஸ் முன்பக்கம் சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ள, அடிப்பக்கம் பின்னால் நீளும். ஒருநாள் அடிக்குச் சற்று மேலே வட்டமாகக் கிழிந்து, கேஸ் இரண்டாகும். சுட்ட கேஸில் அந்த இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அதுதான் முன்னறிவிப்பு.

சோதிக்க "கோ", "நோ-கோ" என்று இரண்டு கேஜ், அதாவது அளவுக் கட்டைகள். முதலாவதில் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதில் மூடக் கூடாது. வைல்ட்கேட்டுக்குக் கடையில் கேஜ் கிடைக்காமல் போகலாம். ரீமர் செய்தவரிடமே கேஜும் செய்து வாங்கியிருக்கிறாரா என்று உரிமையாளரைக் கேளுங்கள். "ஆமா, இதோ" என்று பையிலிருந்து எடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

"இம்ப்ரூவ்ட்" சேம்பரில் சாதாரணத் தோட்டாவைச் சுடலாம் என்கிறார்களே, உண்மையா?

முறையாகச் செய்த ஆக்லி இம்ப்ரூவ்ட் சேம்பரில் சுடலாம். அதன் அழகே அதுதான். ஆக்லி கேஸின் சரிவான உடலை நிமிர்த்தி, தோளை 40 பாகைக்குத் தூக்கினார். ஆனால் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் சேம்பரை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு குறைத்துவைத்தார். அதனால் தாய்த் தோட்டா அங்கே சற்று இறுக்கமாக முட்டி நிற்கும். சுட்டதும் பித்தளை ஊதிப் புது வடிவம் எடுத்துவிடும். உள்ளே போனபோது வளைந்த தோள், வெளியே வரும்போது வெட்டி வைத்த மாதிரி இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் அந்தக் கேஸைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். .280 ஆக்லி இம்ப்ரூவ்ட் 2007இல் நாஸ்லர் முயற்சியில் பதிவான தோட்டாவாகவே ஆகிவிட்டது.

ஆனால் இம்ப்ரூவ்ட் என்று பெயர் வைத்த எல்லாமே இப்படி இல்லை. தோளை முன்னுக்குத் தள்ளிய ரகங்களில் தாய்த் தோட்டாவுக்கு முட்ட இடமே இருக்காது. அதில் சுட்டால், மேலே சொன்ன ஹெட்ஸ்பேஸ் வம்புதான். அதே போல இம்ப்ரூவ்ட் தோட்டாவைத் தாயின் சேம்பருக்குள் திணிக்கவும் கூடாது.

தோட்டா மாறிப் போனால் அப்படி என்ன ஆகிவிடும்?

பெரும்பாலும் உள்ளே போகாது. சுடும் அளவுக்குப் போய்விடும் சில ஜோடிகள்தான் ஆபத்து. எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது .300 பிளாக்அவுட். 2011இல் பதிவான தோட்டா, அதற்கு முன் ஜே.டி. ஜோன்ஸ் செய்த .300 விஸ்பர் என்ற வைல்ட்கேட்டின் வழியில் வந்தது. .223 குடும்பத்துக் கேஸைக் குட்டையாக வெட்டி, .308 குண்டைச் செருகியது. ஒரே மேகசின், ஒரே போல்ட். சில குண்டுகளோடு நிரப்பினால் அது .223 சேம்பருக்குள்ளும் போய்விடும், குண்டு கேஸுக்குள் பின்வாங்க, போல்ட் மூடிக்கொள்ளும். டிரிகரை இழுத்தால் .308 குண்டு .224 துளைக்குள் நுழையப் பார்க்கும். ரைஃபிள் சிதறும்.

இப்படி நடக்கக் கூடாது என்று சில நேரம் கம்பெனியே தோட்டாவின் வடிவத்தை மாற்றியிருக்கிறது. .280 ரெமிங்டனின் தோளைச் சற்று முன்னால் வைத்தது, அது .270 சேம்பருக்குள் போகாமலிருக்கத்தான். வைல்ட்கேட்டில் அந்தக் கவலையை யாரும் நமக்காகப் பட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே பெஞ்ச் மேல் ஒரு நேரத்தில் ஒரு ரைஃபிள், ஒரு தோட்டாப் பெட்டி. மற்றவை மூடிய பையில். பேச்சு சுவாரசியத்தில் கை எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது.

முன்பின் தெரியாத ரைஃபிளை முதன்முதலில் எப்படிச் சுடுவது?

உரிமையாளரே முதலில் இரண்டு சுடட்டும். இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், ஒழுங்கானவர் கேட்காமலே செய்வார். அவர் சுடும்போது குறிப்பலகையைப் பார்க்காமல் அவர் கையைப் பாருங்கள். போல்ட் கைப்பிடி லேசாக மேலே வருகிறதா, அல்லது உள்ளங்கையால் தட்டுகிறாரா? தட்டினால் நான் நன்றி சொல்லி நகர்ந்துவிடுவேன்.

அப்புறம் உங்கள் முறை. போல்ட்டைத் திறந்து, பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தோட்டா இல்லாமல் டிரிகரை இழுத்துப் பாருங்கள், அவர் அனுமதித்தால். தனியாகச் செய்த ரைஃபிள்களில் டிரிகர் மகா லேசாக இருக்கும். பெஞ்ச்ரெஸ்ட் ரைஃபிளில் விரல் பட்டதாக உணரும் முன்பே வெடித்துவிடும். குறி வைத்த பிறகே விரல் உள்ளே. மேகசின் இருந்தாலும் ஒரு தோட்டா மட்டும் போடுங்கள். சுட்டதும் கேஸைக் கையில் எடுத்துப் பாருங்கள், அடுத்தது அதற்குப் பிறகுதான்.

ஸ்கோப்பிலிருந்து கண் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். அது உரிமையாளரின் கழுத்துக்குப் பொருத்தப்பட்டது. ஒருமுறை இதை அலட்சியம் செய்து, ஸ்கோப் இடித்து, புருவத்துக்கு மேல் அழகான பிறைச் சந்திரன் ஒன்றோடு வீட்டுக்குப் போனேன்.

அழுத்தம் எல்லை மீறுகிறது என்று எப்படித் தெரியும்?

.30-06க்கு சாமி வைத்திருக்கும் எல்லை சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. பழைய .45-70க்கு 28,000தான். வைல்ட்கேட்டுக்கு யாரும் எல்லை சொல்லவில்லை, பெரும்பாலானவர்களிடம் அழுத்தத்தை அளக்கும் கருவியும் இல்லை. மிச்சமிருப்பது பித்தளை பேசும் பாஷை. பிரைமரின் (கேஸின் அடியில் பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடியின்) ஓரம் உருண்டையாக இருந்தால் நிம்மதி. தட்டையாகிக் குழி முழுக்கப் பரவியிருந்தால் யோசிக்க வேண்டும். கேஸின் அடியில் எஜெக்டர் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் போல்ட் ஊசி) துளையின் வட்டம் பளிச்சென்று அச்சாகியிருந்தாலோ, போல்ட் தூக்கக் கனத்தாலோ, பிரைமர் குழி தளர்ந்து பிரைமர் தானாக விழுந்தாலோ, அந்தப் பெட்டியை அன்றைக்கு மூடிவிட வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த அடையாளங்கள் தாமதமாகத்தான் வரும். ஒன்றும் தெரியவில்லை என்பதாலேயே அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. வெயிலில் கிடந்த தோட்டாவில் அழுத்தம் இன்னும் கூடும், ஆகவே பெட்டி நிழலில் இருக்கட்டும்.

வேறொருவர் சொன்ன பவுடர் அளவை வைத்து நானே நிரப்பலாமா?

வேண்டாம். அவருடைய ரீமர் வேறு, உங்கள் சேம்பர் வேறு. அவருடைய கேஸின் சுவர் தடிமன்கூட வேறாக இருக்கும்.

உதைப்பும் சத்தமும் எப்படியிருக்கும்?

குண்டின் எடை, வேகம், பவுடரின் எடை, ரைஃபிளின் எடை, இந்த நான்கும்தான் கணக்கு. மற்றவை மாறாமல் ரைஃபிள் மட்டும் இரு மடங்கு கனத்தால் உதைப்பின் ஆற்றல் பாதியாகும். மெல்லிய ரைஃபிளில் பெரிய தோட்டாவைப் போட்டு "தூக்கிட்டுப் போக லேசா இருக்கு" என்று பெருமைப்படுபவர், சுடும்போது ஏன் உங்களிடம் தருகிறார் என்று யோசியுங்கள். பெரிய ரகங்கள் எதுவரை போகும் என்றால், 1988இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி கொண்டுவந்த .700 நைட்ரோ எக்ஸ்பிரஸின் குண்டு 1,000 கிரெய்ன், ஏறக்குறைய 65 கிராம். சாதாரண .30 குண்டு 10, 12 கிராம்தான்.

பல கஸ்டம் ரைஃபிள்களின் வாயில் மசில் பிரேக் என்ற துளையிட்ட முனை இருக்கும். உதைப்பைக் குறைக்கும், சத்தத்தைப் பக்கவாட்டில் தள்ளும். பாதிக்கப்படுவது பக்கத்து பெஞ்ச்காரர். திடீர்ச் சத்தத்துக்குக் காதின் எல்லை 140 டெசிபெல் என்று வைத்திருக்கிறார்கள், ரைஃபிள்கள் 160ஐயும் தாண்டுகின்றன. காதுக்குள் ஃபோம் அடைப்பான், மேலே காதை மூடும் மஃப், இரண்டும் போடுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சுடுங்கள்.

டிரிகரை இழுத்தேன், வெடிக்கவில்லை. அடுத்து என்ன?

ஒன்றும் செய்யாதீர்கள். பேரல் குறிப்பக்கமே இருக்கட்டும். தாமதமாக வெடிக்கலாம். குறைந்தது 30 விநாடி, நான் ஒரு நிமிடம் எண்ணுவேன். பிறகு முகத்தை விலக்கி, போல்ட்டைத் திறக்கலாம்.

இதைவிட மோசமானது "புஸ்" என்ற சத்தம். குண்டு பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைப் போட்டால் பேரல் பிளக்கும். போல்ட்டைக் கழற்றி, உள்ளே வெளிச்சம் தெரிந்தால்தான் தொடர வேண்டும்.

குண்டுத் துளை நீளவாக்கில் விழுகிறது. ஏன்?

காகிதத்தில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித் துவாரம் மாதிரி இருந்தால் குண்டு தலைகீழாக உருண்டு போயிருக்கிறது. பேரலின் முறுக்கு (குண்டைச் சுழற்றும் உள் வரிகளின் சுற்று) அந்தக் குண்டின் நீளத்துக்குப் போதவில்லை. .22-250இல் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற முறுக்கே வழக்கம். குட்டைக் குண்டுக்கு அது போதும். நீளமான நவீனக் குண்டுக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது வேண்டியிருக்கும். எடையைவிட நீளம்தான் முக்கியம் என்பதை 1879லேயே கணிதப் பேராசிரியர் கிரீன்ஹில் சூத்திரமாகப் போட்டுவிட்டார்.

மூன்று குண்டு ஒரே துளையில் போனால் நல்ல ரைஃபிள்தானே?

மூன்று குண்டில் அதிர்ஷ்டமும் போகும். பத்து சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். 100 மீட்டரில் ஒரு எம்ஓஏ (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம்) என்பது 2.9 செ.மீ. பத்தும் அதற்குள் விழுந்தால் வாய்விட்டுப் பாராட்டலாம். சட்டைப்பையில் மடித்து வைத்திருக்கும் மூன்று துளைக் காகிதத்தைக் காட்டுபவரிடம், அதே நாளில் சுட்ட மற்றக் காகிதங்கள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். நானும் அப்படி ஒரு காகிதம் வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம்.

பேரல் எத்தனை நாள் உழைக்கும்?

துளை சின்னதாகவும் பவுடர் அதிகமாகவும் இருந்தால் பேரலின் தொண்டை, அதாவது சேம்பரைத் தாண்டியதும் வரும் பகுதி, சீக்கிரம் அரிபடும். .308 ஆயிரக்கணக்கில் தாங்கும். அதிவேக வைல்ட்கேட்டில் சில நூறு தோட்டாவிலேயே துல்லியம் சரியத் தொடங்கலாம். அதனால் இரவல் ரைஃபிளில் கடகடவென்று சுடாதீர்கள். மூன்று சுட்டதும் பேரலைத் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியவில்லை என்றால் போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு, பேசிக்கொண்டிருங்கள்.

சுட்ட கேஸை நினைவுக்கு வைத்துக்கொள்ளலாமா?

கேட்காமல் எடுக்காதீர்கள். கழுத்தைக் குறுக்கி, வெட்டி, உள்ளே சீவி, சூடு காட்டி, ஒருமுறை சுட்டு ஊத வைத்து, அந்த ஒரு கேஸுக்கு அவர் அரை மணி நேரம் செலவழித்திருப்பார். பெஞ்சுக்கு அடியில் உருண்டு போனதைக்கூட மண்டியிட்டுத் தேடுவார். நீங்களும் சேர்ந்து தேடுங்கள், அடுத்த வாரமும் ரைஃபிளைத் தருவார்.